கைப்பிடியும் காகிதமும்

(கீழப்பாவூரில் ஆசிரியர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



அமுக்கினால் விவரம் தெரிகிற ஸ்லைடு. ஒரு படம் இருக்கும், அதில் நாலைந்து வட்டங்கள் இருக்கும். வட்டத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறந்து விளக்கம் வரும். இதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பலர் இதைச் செய்தவர்கள்தான். பவர்பாயிண்டில் செய்திருப்பீர்கள். சிலர் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனிலோ ஹெச்5பியிலோ செய்திருக்கலாம். எப்படிச் செய்வது என்பதைப் பிற்பாடு சொல்கிறேன். எதற்குச் செய்வது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. அதை முதலில் பேசிவிடலாம்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. உங்கள் ஊர் நரசிம்மருக்குப் பதினாறு கைகள். 'நம் ஊர் வரலாறு' என்று ஒரு பாடம் செய்யச் சொன்னால் இங்கே யாராக இருந்தாலும் முதலில் அந்த மூர்த்தியின் படத்தைத்தான் ஸ்லைடில் வைப்பார்கள். வைத்ததும் கை தானாகவே பதினாறு வட்டங்கள் போடும். ஒரு கையைத் தொட்டால் அதில் இருப்பதன் பெயர், இன்னொரு கையைத் தொட்டால் அடுத்த பெயர். பார்க்க அழகாக இருக்கும். அதிகாரிகள் வந்தால் தலையாட்டுவார்கள். பிள்ளைகளும் போட்டி போட்டு அமுக்குவார்கள். மறுநாள் அதே பிள்ளைகளிடம் இடது பக்கம் மூன்றாவது கையில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வராததற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல வழியில்லை. அந்த ஸ்லைடு அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. விரல் மட்டும்தான் வேலை செய்தது. லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிறவன் உள்ளே இருக்கும் எண்ணைப் பற்றி யோசிப்பதில்லை, அதுபோலத்தான்.

மறைத்து வைத்து, பிறகு திறந்து காட்டிப் பாடம் நடத்துவது கணினியோடு வந்த பழக்கம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணித வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டது சரியா தப்பா என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. சிலர் முன்பே முடித்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், சிலர் முதல் கணக்கிலேயே மாட்டிக்கொண்டு முழித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு பெட்டியைச் செய்தார். அதற்குக் கற்பிக்கும் எந்திரம் என்று பெயர். 1958இல் 'சயன்ஸ்' இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.

அந்தப் பெட்டி வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சின்ன ஜன்னல் ஒன்றில் ஒரே ஒரு கேள்வி தெரியும். பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாணவன் விடையை அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினால் சரியான விடை ஜன்னலில் தெரியும். அதே நேரத்தில் அவன் எழுதிய காகிதம் ஒரு கண்ணாடி மூடிக்கு அடியில் போய்விடும். எழுதியதை இனிப் பார்க்கலாம், திருத்த முடியாது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அவனேதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இன்றைய ஸ்லைடில் நாம் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கைப்பிடி மட்டும்தான். காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம். என் வழக்கு இவ்வளவுதான்.

ஸ்கின்னரின் கொள்கைகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்பவன் அல்லன். புறாவுக்குத் தானியம் போட்டுப் பழக்குவதைப் போலவே மனிதனையும் பழக்கிவிடலாம் என்கிற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நிற்கின்றன. 1978இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இருவர், ஒரு சொல்லை வாசித்தவர்களைவிட அதைத் தாமே யோசித்து வருவித்தவர்களுக்கு அது நன்றாக நினைவில் நிற்பதைக் காட்டினார்கள். 2009இல் ரிச்லாண்ட், கோர்னெல், காவோ மூவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாடத்தைப் படிப்பதற்கு முன்பே அதிலிருந்து கேள்வி கேட்டார்கள். விடை தெரியாமல் தப்பாகச் சொன்னார்கள் மாணவர்கள். அப்படித் தப்பாகச் சொன்ன பிறகு படித்தவர்களுக்கு, வெறுமனே கூடுதல் நேரம் படித்தவர்களைவிட நன்றாக நினைவில் நின்றது. நம் வகுப்பில் "தெரியாததை ஏன் உளறுகிறாய், சும்மா இரு" என்று ஒரு பிள்ளையை அடக்குகிறோமே, அந்த உளறலுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதைச் சொல்லும்போது வாயை மூடச் சொல்லாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் வெறும் கிளிக்கால் பயனே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன்.

ரிச்சர்ட் மேயர், பால் சாண்ட்லர் என்ற இருவர் 2001இல் ஒரு சோதனை செய்தார்கள். மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் 140 விநாடி அனிமேஷன். ஒரு குழுவுக்கு அதை நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் ஒரு பட்டன் வரும், மாணவன் அதை அமுக்கினால்தான் அடுத்த துண்டு ஓடும். வேறு எந்த வித்தையும் இல்லை. கேள்வி இல்லை, மதிப்பெண் இல்லை. அப்படிப் பார்த்தவர்கள், படித்ததைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்தும் தேர்வில் மேலாகச் செய்தார்கள். மொத்தம் எத்தனை துண்டுகள் தெரியுமா? பதினாறு.

அங்கே பதினாறு பலித்தது, இங்கே நரசிம்மர் படத்தில் பதினாறு பலிக்கவில்லை. ஏன்? மின்னல் ஒரு காரணத் தொடர். ஈரக்காற்று மேலே ஏறினால்தான் மேகம், மேகத்தில் பனித்துகள் மோதினால்தான் மின்னூட்டம், மின்னூட்டம் பிரிந்தால்தான் மின்னல். முந்தைய துண்டை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போனால் பிடி கிடைக்காது. அங்கே கிளிக் ஒரு மூச்சு விடும் இடம். மாணவன் தன் வேகத்தில் நிற்கிறான், நகர்கிறான். பதினாறு கைகளில் இருப்பவற்றின் பெயரில் அப்படி ஒரு தொடர் இல்லை. எந்தக் கையை முதலில் தொட்டாலும் ஒன்றுதான். வரிசையும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் பெயர்களை ஒளித்து வைத்தால், ஒரு பட்டியலைத் துண்டுபோட்டு மறைத்து வைத்ததாகத்தான் ஆகும். அதைவிடப் பதினாறு பெயரையும் படத்தின் மேலேயே எழுதிவிடலாம். வாசிக்கிறவனுக்குப் பதினாறு தடவை விரல் நோகாது.

ஆகவே ஸ்லைடு செய்ய உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது, சொல்லப்போகிற விஷயம் ஒரு தொடரா, பட்டியலா என்பதை. தொடராக இருந்தால் துண்டுபோடுங்கள், துண்டுக்கு முன்னால் கேள்வி போடுங்கள். பட்டியலாக இருந்தால் திறந்தே காட்டுங்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே ஒரு ஸ்லைடு செய்து பார்ப்போமா? ஆனி, ஆடியில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. இங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். அங்கே மழை, இங்கே கீழப்பாவூரில் காற்றும் அவ்வப்போது ஒரு தூறலும் மட்டும். ஏன்? இந்தக் கேள்வி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே தெரிந்த விஷயத்திலிருந்து வருகிறது. சீசனுக்குக் குளிக்கப் போகாத பிள்ளை இந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஸ்லைடின் நடுவில் ஒரு குறுக்குவெட்டுப் படம். மேற்கே அரபிக்கடல், நடுவில் மலை, கிழக்கே நம் சமவெளி. முதல் கேள்வி: கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டினால் எந்தப் பக்கம் போகும்? மூன்று அம்புகள் வரைந்து வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த பிறகுதான் முதல் திறப்பு. காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கேரளத்துப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது. இரண்டாவது கேள்வி: அப்படியானால் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி வந்தது? இதில்தான் பிள்ளைகள் திணறுவார்கள், திணறட்டும். திறந்தால் செங்கோட்டைக் கணவாய் தெரிய வேண்டும். ஆரியங்காவு வழியாக மலை தாழ்கிற இடம். அந்த இடைவெளியில் ஈரத்தோடு காற்று நுழைந்துவருகிறது. மூன்றாவது: அந்தக் காற்று சமவெளிக்கு இறங்கினால் குளிருமா, சூடாகுமா? சூடாகும். மேகம் கரையும். காற்று மட்டும் மிஞ்சும். சுற்று வட்டாரத்தில் காற்றாலைகள் எதற்காக நிற்கின்றன என்பதற்கும் இதுவே விடை.  கடைசியாக, நம் குளங்கள் எப்போது நிறைகின்றன? ஐப்பசி, கார்த்திகையில். அது வடகிழக்குப் பருவமழை, வேறு திசையில் வருகிற வேறு காற்று. நான்கு திறப்புகள் போதும். ஐந்தாவதாகக் குற்றாலத்து அருவிகளின் பெயர்ப் பட்டியலைச் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

இனி வேலைப் பக்கம் வருவோம்.

மறைத்துத் திறக்கும் இந்த வசதி மென்பொருளில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு ஆப்பிள் மேக்கில் வந்தது 1987இல். பவர்பாயிண்ட் வந்ததும் அதே ஆண்டில். ஆத்தர்வேர், கேப்டிவேட் எல்லாம் வந்தன. 2012இல் ஸ்டோரிலைன் வந்து நிறுவனப் பயிற்சிகளில் இடம்பிடித்தது. மென்பொருள் என்றாலே அமெரிக்காவிலிருந்துதான் வரும் என்று இந்தப் பகுதிப் பிள்ளைகள் இனிச் சொல்ல முடியாது. சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிக்கு வந்தது. பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து நம் ஊர்ப் பிள்ளைகளே மென்பொருள் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்து ஸ்லைடில் சரியாக உட்கார வேண்டும் என்று கேட்க நாம் கடல் தாண்டிக் கடிதம் போட வேண்டியதில்லை.

பவர்பாயிண்டில் செய்பவர்களுக்கு. விடையை எழுதுங்கள். அதன்மேல் ஒரு செவ்வகத்தை மூடியாக வையுங்கள். செவ்வகத்துக்கு மறைந்துபோகும் அனிமேஷன் கொடுங்கள். கொடுத்த பிறகு ட்ரிக்கரில், அதே செவ்வகத்தைக் கிளிக் செய்தால்தான் அது நடக்க வேண்டும் என்று அமைக்க வேண்டும். இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை செவ்வகத்துக்கு வெளியே தட்டிவிட்டால் அடுத்த ஸ்லைடு வந்துவிடும், மூடிகள் எல்லாம் வீண். ட்ரான்சிஷன் பகுதியில் மவுஸ் கிளிக்கில் நகரும் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, நகர்வதற்குத் தனியாக ஒரு பட்டன் வைத்துவிடுங்கள். இன்னொன்று, செலக்ஷன் பேனைத் திறந்து ஒவ்வொரு வடிவத்துக்கும் 'மூடி 1', 'விடை 1' என்று பெயர் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ட்ரிக்கர் பட்டியலில் செவ்வகம் 7, செவ்வகம் 12 என்று வந்து நிற்கும். எது எதற்கு மூடி என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தேடிக்கொண்டிருப்பீர்கள். காசில்லாமல் செய்ய நினைப்பவர்கள் லிபரே ஆஃபிஸ் இம்ப்ரெஸில் இதையே செய்யலாம், அனிமேஷனின் விருப்பங்களில் எதைக் கிளிக் செய்தால் தொடங்க வேண்டும் என்று குறிக்கும் இடம் இருக்கிறது.

ஸ்டோரிலைனில் இதே வேலை லேயர், ஸ்டேட், ட்ரிக்கர் என்று மூன்றாகப் பிரியும். திறந்து வரும் ஒவ்வொரு விளக்கமும் ஒரு லேயர். அமுக்கிய பட்டன் நிறம் மாறுவது அதன் 'விசிட்டெட்' ஸ்டேட். எதைப் பார்த்தோம், எது பாக்கி என்று படிப்பவனுக்குத் தெரிய அது கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம் என்று பூட்டு போடும் வசதியும் உண்டு. அந்தப் பூட்டின்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. விஷயம் தெரிந்தவனையும் அது பத்து தடவை அமுக்க வைக்கும். அவனும் படிக்காமலேயே மளமளவென்று அமுக்கிவிட்டுப் போவான். அந்தப் பூட்டுக்குப் பதிலாக ஒரு டெக்ஸ்ட் என்ட்ரி பெட்டி வையுங்கள். மாணவன் தன் விடையைத் தட்டட்டும். திறக்கும் லேயரில் மேலே அவன் எழுதியது, கீழே சரியான விடை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மென்பொருள் மதிப்பெண் போட வேண்டாம், சரியா தப்பா என்று சொல்லவும் வேண்டாம். அவனே பார்த்துக்கொள்ளட்டும். ஸ்கின்னரின் காகிதமும் கண்ணாடி மூடியும் அப்படியே திரும்பி வந்துவிட்டன, பாருங்கள்.

ஹெச்5பி பற்றியும் ஒரு வார்த்தை. நார்வேயில் 2013இல் தொடங்கியது, இலவசம். திக்ஷா கல்வித் தளமும் இந்த வகைக் கோப்பை ஏற்றுக்கொள்ளும். படத்தில் வட்டம் போட ஒரு வகை, கேள்வி அட்டையைத் திருப்பி விடை பார்க்க ஒரு வகை என்று தயாராகவே இருக்கின்றன. அட்டை வகைதான் நம் வேலைக்குப் பொருத்தம். லூமி என்ற இலவச மென்பொருளில் இணையம் இல்லாமலே செய்து, ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். நெட் விட்டு விட்டு வரும் பள்ளிக்கு அது பெரிய உபகாரம்.

2018 முதல் நம் பாடநூல்கள் புதிதாக வந்தபோது பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு வந்தது. பல பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கமும் இருக்கிறது. ஸ்கேன் செய்து உள்ளே போகிற கருவி பெரும்பாலும் அம்மாவின் போன் அல்லது அப்பாவின் போன். பீடி சுற்றி முடித்த பிறகோ மார்க்கெட் வேலை முடிந்த பிறகோதான் அது பிள்ளையின் கைக்கு வரும். சின்னத் திரை, கீறல் விழுந்த கண்ணாடி. கணினியில் உட்கார்ந்து ஸ்லைடு செய்கிறவர்கள் இதை மறந்துபோகிறார்கள். மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கம் வருமாறு செய்வார்கள். போனில் மவுஸ் எங்கே? விரல் தொட்டால்தான் உண்டு. சின்னச் சின்னதாகப் பதினாறு வட்டங்கள் போட்டால் ஒன்றைத் தொட இன்னொன்று திறக்கும். பவர்பாயிண்ட் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ கதை இன்னும் மோசம். போனில் இருக்கும் பல வியூவர்களில் ட்ரிக்கர் வேலை செய்யாது. பிடிஎஃப் ஆக மாற்றினால் மூடி மூடியபடியே நின்றுவிடும், விடையை யாரும் பார்க்கவே முடியாது. வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்கென்று தனிக் கோப்பு, விடைகள் கடைசிப் பக்கத்தில்.

தமிழ் எழுத்தின் கஷ்டம் இன்னொரு பக்கம். இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், முகத்தைத் திருப்ப வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத போனில் உங்கள் பாடம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். இனியாவது மாறிக்கொள்ளுங்கள். பெட்டியின் அளவையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கென்று வடிவமைத்த டெம்ப்ளேட்டில் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'கூ'வின் வால் கீழே வெட்டுப்படும். வரி இடைவெளியைக் கூட்டி, பட்டனை உயரமாக்குங்கள். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால், டேப் கீயை அமுக்கினால் பட்டன்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். படத்துக்கு மாற்று விவரம் எழுதுங்கள். விவரத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையும் யோசிக்கட்டும்.

கடைசியாகக் கணக்கு விஷயம். ஸ்டோரிலைன் போன்ற மென்பொருள்கள் ஸ்கார்ம் என்ற முறையில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும். யார் திறந்தார்கள், யார் முடித்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று. ஆசிரியர்களுக்கு நடக்கும் ஆன்லைன் பயிற்சிகளிலும் இதே கணக்குதான். எத்தனை பேர் 'முடித்தார்கள்' என்ற எண்ணிக்கை மாவட்டம் வாரியாக வரும். அதில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், எந்த வேகத்தில் அமுக்கினால் சான்றிதழ் வரும் என்று. சிரிக்காதீர்கள், நானும் வாங்கியிருக்கிறேன். கிளிக்கை எண்ணுகிற அறிக்கைக்காக ஸ்லைடு செய்யத் தொடங்கினால் வட்டங்கள் பெருகிக்கொண்டேதான் போகும். ஒரே ஒரு மாற்றத்தை மேலிடத்தில் கேட்டுப் பெற முடியுமானால், நான் கேட்பது இதுதான்: பெட்டியில் பிள்ளைகள் தட்டிய விடைகளை ஆசிரியர் வாசிக்கும்படி காட்டுங்கள். சரியானவையும் தப்பானவையும், அப்படியே. இருபது பேர் காற்று மலைக்குள் புகுந்து போகும் என்று எழுதியிருந்தால், மறுநாள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன்னால் உட்காரப் போகிறோம். ஒவ்வொருவரும் உங்கள் பாடத்திலிருந்து ஒரு பக்கம் எடுத்து வாருங்கள். மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள், மூன்றோ நான்கோ. கேள்வி வராத பக்கமாக இருந்தால் வேறு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.